உடையக்கூடாத பை

கலோலைனியின் வயிறு பெருத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. எங்கள் டோங்காத் தீவில் ஒருத்தி இளைத்தால்தான் வீட்டில் என்ன குறையோ என்று விசாரிப்பார்கள். பெருத்தால் புருஷனைப் பாராட்டுவார்கள். அவள் புருஷன் லிசியாட்டே இரண்டு வருஷமாக அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான். தோட்டத்தில் தோண்டிய கிழங்கெல்லாம் மனைவியின் இடுப்பில் போய்ச் சேர்ந்திருப்பதாக அவனுக்கு நினைப்பு. "அம்பத்தொரு வயசுல மறுபடியும் மசக்கையா?" என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. அவர்களில் நானும் ஒருத்தி. இருபத்திரண்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருப்பவள் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

சர்ச்சின் பாட்டுக் குழுவில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். ஈஸ்டர் பாட்டு ஒத்திகையில் ஒரு நீண்ட சுரத்தைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். அவள் சுரத்தைத் தவறவிட்டு நான் பார்த்ததே கிடையாது. உட்காரவைக்கத் தோளைப் பிடித்தேன். என் முழங்கை அவள் வயிற்றில் பட்டது. கொழுப்பு என்றால் அமுங்கும். இது இறுகியிருந்து என் கையைத் திருப்பித் தள்ளியது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு, அக்கா?"

"எப்படி?"

"கல்லு மாதிரி."

"சாப்பாடு கொஞ்சம் ஜாஸ்தி. அவ்வளவுதான்."

"வெளிக்கு சரியா போகுதா?"

என் வாயிலேயே ஒன்று வைத்தாள். "சீ, மெலெனைட்டி! சர்ச்சுல கேக்கற கேள்வியாடி இது?"

வெளியே இழுத்துப்போய் மறுபடி கேட்டேன். ஒன்றரை வருஷமாக வலது பக்கம் மந்தமாக வலிக்கிறது, நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது, குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கறந்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு என்ன?"

"எப்படிடி வருவேன்? அங்க பெனி இருக்கானே."

பெனி என்கிற பெனிசிமானிதான் எங்கள் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர். கலோலைனியின் சித்தப்பா மகன், அவளுக்கு மூன்று வயது இளையவர். எங்களில் அக்கா தம்பி வளர்ந்துவிட்டால் ஒரே அறையில் உட்கார்ந்து சினிமாகூடப் பார்ப்பதில்லை. வீட்டில் அக்கா உள்ளே வந்தால் தம்பி எழுந்து வெளியே போவார். அவள் காதுபட உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. யாராவது பேசினால் இருவரில் ஒருவர் இடத்தைக் காலி செய்வார். எந்த வயதிலும் அக்காதான் உசத்தி. தலை நிமிர்ந்து அவளைப் பார்ப்பதே மரியாதைக் குறைவு. இப்படிப்பட்டவளைப் போய் அவர் முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு படு என்றால் அவள் செத்தாலும் சாவாளே தவிரப் படுக்கமாட்டாள். அந்த வழியில்தான் போய்க்கொண்டும் இருந்தாள்.

நல்லவேளையாக அடுத்த வாரம் ப்ரான்வின் வந்தார். பிரிஸ்பேனில் பெருங்குடல் அறுவையில் பேர்போன டாக்டரம்மா. வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் வந்து எங்களுக்குக் கைகொடுப்பார். ஆள் குள்ளம், வாய் நீளம். அவர் பெண் என்பதால் கலோலைனி ஸ்கேனுக்குச் சம்மதித்தாள். பெனி அன்றைக்குப் பார்த்து ஊசி நூல் கணக்கெடுக்கக் கிடங்குக்குள் போனவர் மாலை வரை வெளியே வரவில்லை.

ப்ரான்வின் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"குடல்வால் தெரியும்ல? பெருங்குடல் தொடங்குற இடத்துல சுண்டுவிரல் கணக்கா தொங்குமே. அதுக்குள்ள ஒரு கட்டி. அது கூழ் மாதிரி ஒண்ணைச் சுரந்துக்கிட்டே இருக்கு. வெளிய போக வழியில்ல. அதனால குடல்வால் உப்பி உப்பி இவ்ளோ பெரிய பையா ஆயிருக்கு. இருபது வருஷத்துல நான் இந்த மாதிரி ஏழு பேரைத்தான் பார்த்திருக்கேன். இந்த அளவுக்கு ஒண்ணுகூட இல்ல."

"எடுத்துடலாமா, டாக்டர்?"

"எடுக்கலாம். உடையாம எடுக்கணும். முழுசா வந்துட்டா அவங்க பொழைச்சாங்க. ஒரு ஓட்டை விழுந்துச்சுன்னா அந்தக் கூழ் வயிறு பூரா கொட்டும். கொட்டின இடத்துலல்லாம் முளைக்கும். அப்புறம் சிட்னிக்குக் கொண்டுபோய் நாள் முழுக்க வயித்தைச் சுரண்டி, சுடுமருந்து ஊத்திக் கழுவணும். அப்பவும் திரும்ப வரலாம்."

முதலிலேயே அங்கே அனுப்பலாம் என்றால் வெளிநாட்டுச் சிகிச்சைப் பட்டியலில் பெயர் வர நாலைந்து மாதம் ஆகும். பையின் சுவர் ஒரு பக்கம் மெலிந்து போயிருந்தது. அது அத்தனை நாள் தாங்காது என்றார். அறுக்க ஒரு ஜோடி கை, பையைத் தாங்கிக்கொள்ள இன்னொரு ஜோடி கை வேண்டும். தாங்குகிற கைக்கும் அறுவை தெரிந்திருக்க வேண்டும், எந்த இடம் விட்டுக்கொடுக்கும் என்று விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். எங்கள் இன்னொரு டாக்டர் மேற்படிப்புக்கு ஃபிஜி போயிருந்தார்.

"அதான் பெனி இருக்காரே," என்றார் ப்ரான்வின்.

நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கசின்தானே மெலெனைட்டி? கூடப் பிறந்த தம்பியா இருந்தா நானே வேணாம்னு சொல்லிடுவேன்."

"கசின்னு எல்லாம் எங்ககிட்ட ஒண்ணு கிடையாதுங்க. தம்பின்னா தம்பிதான்."

"உயிர் போகுதுன்னாகூடவா?"

"அதை நான் போய் அவங்ககிட்ட கேட்டுட்டு வரேன்," என்று எழுந்தேன். ரொம்பத் தைரியமாகத்தான் எழுந்தேன்.

முதலில் பெனியிடம் போனேன். அவர் அறையில் கதவைப் பார்த்தபடி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கையை உயர்த்தித் தடுத்தார்.

"சொல்லாத. அதைப் பத்தி உன்கிட்ட பேசுறதே எனக்குத் தப்பு."

"பேச வேணாம். கேளுங்க." நின்ற நிலையில் கொட்டித் தீர்த்தேன், பை, சுவர், கூழ், எல்லாம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறடி இரண்டங்குல மனிதர். தோள் குலுங்கியதை மறைக்க முடியவில்லை.

"ரெண்டு வருஷம்," என்றார். "போன கிறிஸ்துமஸுக்கு ஒரே விருந்துல சாப்பிட்டோம். முந்தின கிறிஸ்துமஸுக்கும். கல்யாணம், சாவு, எல்லாத்துக்கும் ஒரே பந்தல்ல இருந்திருக்கோம். தெருவுல போற எவளோட வயிறா இருந்தாலும் நடையைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பேன். நான் அக்காவை நிமிர்ந்து பார்க்கவே இல்லையே மெலே."

இந்தத் தப்பைச் செய்ய எங்களால்தான் முடியும். ஊரிலேயே வயிற்றைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர், மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மரியாதைக்காக அவளும் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப வாங்க, டாக்டர். வந்து பிடிங்க."

"முடியாது. அவ மானத்தை எடுத்துட்டு உயிரைக் குடுத்தா அவ என்ன செய்வா அதை வெச்சுக்கிட்டு?"

கலோலைனி இன்னும் மோசம். "அவன் உள்ள வந்தான்னா நான் மேசையிலேர்ந்து எழுந்து ஓடிடுவேன்."

"மயக்கத்துலயா?"

"மயக்கத்துலதான். ஓடுறேனா இல்லையான்னு பாரு."

அன்று முழுவதும் அவர் அறைக்கும் அவள் வார்டுக்கும் நடுவில் நடந்தே என் கால் தேய்ந்தது. இரண்டு பேரையும் நன்றாகத் திட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நானும் டோங்காக்காரிதான். அவர்கள் சம்மதித்திருந்தால் எனக்கே ஒரு மாதிரி ஆகியிருக்கும்.

மறுநாள் காலை தியேட்டரில் பச்சைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் வழி பிடிபட்டது. எங்கள் வேலையே அதுதானே. ஒரு ஆளைப் படுக்கவைத்துத் துணி போட்டு மூடினால் முகம் போய்விடும், கால் போய்விடும், பெயர் போய்விடும். நடுவில் ஒரு சதுரம் மட்டும் மிஞ்சும். ப்ரான்வினிடம் ஓடினேன். பெயர் கேட்டுச் சரிபார்ப்பது, நோயைச் சொல்வது, சம்மதக் கையெழுத்து, எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடலாம். துணி போட்டு வயிற்றைத் திறந்த பிறகு பெனி வரட்டும். துணியை எடுக்கும் முன்னால் போகட்டும். அவர் இருக்கும்போது பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது, பலகையிலும் எழுதக் கூடாது.

"எல்லாருக்கும் தெரியும்ல? வெறும் நடிப்புதானே இது?" என்றார் ப்ரான்வின்.

"நீங்க தினமும் காலையில வந்து எல்லாரையும் எப்படி இருக்கீங்கன்னு கேக்கறீங்களே, பதில் கேக்க நிக்கறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, நோயாளிக்குத் தெரியாமல் இன்னொரு டாக்டரைக் கொண்டுவர மாட்டேன், அவள் சம்மதம் வேண்டும் என்றார். நியாயம்தான். ஆகவே மறுபடி கலோலைனியிடம் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தலையை வாரிவிட்டேன், முகம் பார்க்காமல் பேச அதுதான் வசதி.

"நாளைக்கு டாக்டரம்மாகூட இன்னொருத்தரும் நிப்பாங்க. துணியெல்லாம் போட்டப்புறம் வருவாங்க."

"யாரு?"

"கையுறை போட்ட ஒரு ஆள். நல்லா வேலை தெரிஞ்ச ஆள். நீ வேணாம்னா இப்பவே சொல்லிடு, நான் வரவேணாம்னு சொல்லிடறேன்."

சீப்பு நாலைந்து முறை மேலிருந்து கீழே போய் வந்தது. அவள் மூச்சு மேல்மூச்சாக இருந்தது, பைதான் அடியிலிருந்து நெஞ்சை நெட்டிக்கொண்டிருந்ததே.

"அந்த ஆளைக் காலையில சாப்பிட்டுட்டு வரச் சொல்லு," என்றாள் கடைசியில். "வெறும் வயித்தோட நிக்கப் போகுது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கைச் சிந்துவதுபோல் எழுந்து போனேன். பெனியிடம் போய், "நாளைக்குக் காலையில சாப்பிட்டுட்டு வரணுமாம்," என்று மட்டும் சொன்னேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்றபடியே ஒரு முழுத் தட்டு வேகவைத்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்து இறக்கினார்.

எட்டரைக்கு ப்ரான்வின் கத்தியை வைத்தார். மார்பெலும்புக்குக் கீழே தொடங்கித் தொப்புளைச் சுற்றிக்கொண்டு அடிவயிறு வரை. கருவிகள் கொடுப்பது நான். வயிறு திறந்ததும் பை தானாகவே மேலே எழும்பி வந்து வாசலில் நின்றது. நான் சாமி பெயரைச் சொல்லிவிட்டேன். எவ்வளவோ பார்த்தவள் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முத்துச்சிப்பியின் உள்பக்க நிறம். விளக்கு அதற்குள் புகுந்து ஊடுருவியது, உள்ளே கூழ் மெதுவாக, அவசரமே இல்லாமல் அசைந்தது. மேலே மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடின. அழகாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழகாகத்தான் இருந்தது. இத்தனை பெரியதை உள்ளே வைத்துக்கொண்டு இவள் சமைத்தாள், துவைத்தாள், என் பக்கத்தில் நின்று பாடினாள்.

சுற்றிலும் ஈரத்துணி அடுக்கி முடித்ததும் கதவு திறந்தது. பெனி கை கழுவி, தண்ணீர் சொட்ட, தரையைப் பார்த்தபடி வந்தார். கவுன் மாட்டிவிட்டேன். கையுறை போட்டதும் மேசை அருகில் வந்தார், மயக்க மருந்து டாக்டரிடம் மேசையை உயர்த்தும்படி விரலைக் காட்டினார். உயர்த்தினார்கள். இன்னும், என்று காட்டினார்.

"பெனி, நான் ஏற்கெனவே பெட்டி மேல நிக்கறேன்," என்றார் ப்ரான்வின்.

இன்னும், என்று காட்டினார். ப்ரான்வினுக்கு இன்னொரு பெட்டி வந்தது. டோங்காக்காரர்கள் எல்லோரும் கருவித் தட்டையும் சுவரையும் பார்த்துக்கொண்டோம். அக்காவைவிட உயரமாகத் தம்பி நிற்கக் கூடாது. அது நின்றவர் எவருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை.

பையின் பின்பக்கம் முதுகுச் சுவரோடு ஒட்டியிருந்தது. மெலிந்த இடமும் அங்கேதான், வெங்காயத்தின் கடைசித் தோல் அளவுக்கு இருந்தது. பெனி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, பைக்குக் கீழே மெல்ல மெல்ல நுழைத்தார். இடுக்கி போட்டால் கிழியும், இழுத்தால் கிழியும். கைதான். உள்ளே போனதும் கை நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஐம்பது நிமிஷம் அந்தக் கை அசையவில்லை. ப்ரான்வின் அந்தக் கைக்கும் முதுகுக்கும் நடுவே ஒவ்வொரு இழையாக விடுவித்தார். சிறுநீர்க் குழாயை ஒதுக்கினார், பெருங்குடலின் வலது பக்கத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களைக் கட்டினார். பெனி கூன் போட்டு நின்றார். நெற்றி வேர்வையை, மேசையைத் தொடாமல் சுற்று வேலை பார்க்கிற வெளிநர்ஸ் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

ஒரு தருணத்தில் பையின் அடியில் ஏதோ பளபளத்தது, ஒரு சொட்டு.

ப்ரான்வினின் கத்தரி நின்றது. அறையில் மயக்க இயந்திரத்தின் மூச்சு மட்டும் கேட்டது. கூழா? போச்சா? பெனி கையை எடுக்காமலே ஒரு சுண்டுவிரலை மட்டும் நீட்டி அந்தச் சொட்டைத் தொட்டார், விரல் நுனியை என் பக்கம் திருப்பினார். வெள்ளைத் துணியில் வாங்கி விளக்கில் பிடித்தேன். பிசுபிசுக்கவில்லை. இழை இழுக்கவில்லை.

"தண்ணி," என்றேன். "ஈரத்துணித் தண்ணிதான்."

எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம். பெனியின் கை அப்போதும் ஆடவில்லை.

பதினொன்றரைக்குக் குடலை இரண்டு பக்கமும் கிளிப் போட்டு அறுத்தார்கள். பெனி நிமிராமலே பையைத் தூக்கினார். வலப்பக்கப் பெருங்குடலோடு சேர்ந்து, ஒரு கீறல் இல்லாமல், முழுதாக வெளியே வந்தது. நான் நீட்டிய பேசினில் இறக்கினார். நாலு கிலோ முந்நூறு கிராம். என் மூத்த மகன் பிறக்கும்போது அவ்வளவுதான் இருந்தான். பை காலி செய்த இடத்தில் சிறுகுடல் தானாக நெளிந்து புரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படுத்துக்கொண்டது. இரண்டு வருஷமாக ஒதுங்கிக் கிடந்தது, இடம் கிடைத்ததும் யாரையும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டது. ஈரல் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. இதையெல்லாம் யார் இப்படி அடுக்கினார்கள் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. தொழிலாகச் செய்கிறவர்களுக்கு அந்தச் சிலிர்ப்பு விட்டுப்போகும் என்பார்கள். எனக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்ததும் ப்ரான்வின், "இனி நான் பாத்துக்கறேன், பெனி," என்றார். அவர் கையுறையைக் கழற்றினார். வந்த மாதிரி திரும்பி நடந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. இடுப்பு வரை குனிந்தார். பெரியவர்கள் முன்னிலையிலிருந்து விலகும்போது குனிவோமே, அப்படி. குனிந்தவாறே, முதுகைக் காட்டாமல், பின்னால் அடியெடுத்து வைத்துக் கதவு வரை போனார். வழியில் கிடந்த வாளியை வெளிநர்ஸ் காலால் நகர்த்திவிட்டாள். கதவு மூடிய பிறகு ப்ரான்வின் தையல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"மெலெனைட்டி, எனக்குக் கண்ணு தெரியல. யாராவது துடைச்சு விடுங்க," என்றார்.

ஐந்து வாரம் கழித்து பிரிஸ்பேனிலிருந்து ஆய்வு முடிவு வந்தது. கட்டி பைக்குள்ளேயே அடங்கியிருந்தது, வெளியே ஒரு துளியும் கசியவில்லை. வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்தால் போதும். கலோலைனியிடம் படித்துக் காட்டினேன். அவள் கடுதாசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அப்போதும் யார் வந்தது, யார் நின்றது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் படுக்கையில் இருந்த நாளெல்லாம் பெனியும் வார்டுக்குள் வந்ததில்லை, தினமும் வராந்தாவின் கோடியில் நின்று என்னிடம், "பதினோராம் படுக்கை எப்படி?" என்பார். "பதினோராம் படுக்கை கஞ்சி குடிச்சுது," என்பேன். ஒருநாள், "பதினோராம் படுக்கை காத்து விட்டுது," என்றேன். குடல் பிழைத்துக்கொண்டது என்பதற்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு ஓடியேவிட்டார். அதைப் போய் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதுதான். என் வாய் அப்படி.

சர்ச்சுக்கு அவள் திரும்பி வந்தபோது ஊரே துக்கம் விசாரித்தது. "ஐயோ, இப்படி இளைச்சுட்டியே! லிசியாட்டே சோறு போடறதில்லையா?" என்றார்கள். லிசியாட்டே வெட்கத்தில் கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெனி புதுப் பாய் ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். சர்ச்சுக்கு நாங்கள் இடுப்பில் பாய் கட்டித்தான் வருவோம். அவரிடம் இருந்தது அப்பாவின் பழைய பாய் ஒன்றுதான், ஓரமெல்லாம் பிய்ந்தது. இது நூல் நூலாகக் கிழித்த தாழை ஓலையில் பின்னியது. துணி மாதிரி மடிந்தது. எங்களில் எதுவும் தம்பியிடமிருந்து அக்காவுக்குத்தான் போகும். கிழங்கு, பன்றி, எது விளைந்தாலும். அக்காவிடமிருந்து தம்பிக்கு ஒன்று வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பின்னலின் ஓரத்தில் மூன்று மேல் ஒன்று கீழ் என்று போட்டு முடிப்பது இந்த ஊரில் ஒரே ஒருத்தி கைதான். அந்தக் கையைத் தெரியாத பெண் அந்த சர்ச்சில் இல்லை. இந்த ஊரில் யார் வீட்டில் சண்டை, யார் பல் விழுந்தது, எல்லாம் மத்தியானத்துக்குள் நாலு தெரு தாண்டும். முன்வரிசையில் பாதிரியாரின் மனைவி பாயை ஒருமுறை பார்த்தாள், மேடையில் பாட்டுக் குழுவில் நிற்கும் கலோலைனியை ஒருமுறை பார்த்தாள்.

"நல்ல பாய், டாக்டர்," என்றாள். "யாரு பின்னினது?"

"தெரியலீங்கம்மா," என்றார் பெனி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கும் தெரியல," என்றாள் அவள். பக்கத்தில் இருந்தவள், "எனக்குந்தான்," என்றாள். அதற்குப் பின்னால் இருந்தவளும் சொன்னாள். அப்படியே வரிசை வரிசையாக, முந்நூறு பேர் இருந்த அந்த சர்ச்சில், ஒருத்திக்கும் தெரியவில்லை.